காலை எடுத்தால் கார் ஏன் இழுத்துப் பிடிக்கிறது? பினாங்கில் மின்சாரக் கார் ஓட்டுபவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மலேசியப் பெருநிலத்தில், பட்டர்வொர்த்தில்; வேலை பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில். வாரத்தில் ஐந்து நாள் பாலத்தைக் கடக்கிறேன். மின்சாரக் கார் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து கல்யாண வீடானாலும் கருமாதி வீடானாலும் பந்தியில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். முதல் கேள்வி சார்ஜ் பற்றியது. அடுத்தது பிரேக் பற்றியது. சார்ஜுக்கு எல்லோரும் பதில் சொல்லிவிடுகிறார்கள். பிரேக்குக்குச் சொல்பவர் குறைவு, சொல்வதிலும் பாதி தவறு. ஆகவே கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை எழுதி, தெரிந்த பதில்களைக் கீழே தருகிறேன்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பது போல் இருக்கிறதே, ஏன்?

பழைய சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். அதைத் தட்டிவிட்டு டயரோடு ஒட்டவைத்தால் முன்விளக்கு எரியும். ஆனால் மிதிப்பது உடனே கனத்துவிடும். விளக்குக்கான மின்சாரம் உங்கள் காலிலிருந்துதான் வந்தது. மின்சாரக் காரிலும் அதே கதைதான். மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் அது சக்கரத்தைச் சுழற்றும். கொடுப்பதை நிறுத்திவிட்டு, சக்கரம் மோட்டாரைச் சுழற்றும்படி விட்டால், அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்பும். டைனமோ காலைக் கனக்கவைத்தது போல இது காரைக் கனக்கவைக்கிறது. அதைத்தான் நீங்கள் இழுப்பாக உணர்கிறீர்கள்.

இதற்கு மீட்பு பிரேக் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கார் விற்பவர்கள் ரீஜென் என்பார்கள். தேய்ந்து சூடாகி வேகத்தைக் குறைக்கும் வழக்கமான பிரேக்கை உராய்வு பிரேக் என்போம். உங்கள் காரில் இரண்டும் இருக்கின்றன.

அப்படியானால் ஓட ஓட பேட்டரி தானாக நிரம்பும் என்று சொல்லுங்கள்!

இல்லை, மாமா. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மாமாக்கள்தாம்.

நகையை அடகு வைத்து மீட்பதோடு ஒப்பிட்டால் விளங்கும். மீட்டுக் கொண்டுவருவது உங்கள் நகைதான். அடகுக்கடைக்காரர் புதிதாக ஒன்றும் தரவில்லை. வட்டி வேறு போகிறது. காரின் வேகம் நீங்கள் ஏற்கெனவே பேட்டரியிலிருந்து கொடுத்து வாங்கியது. பிரேக் பிடிக்கும்போது அதை அடகு வைக்கிறீர்கள், மறுபடி வேகமெடுக்கும்போது மீட்கிறீர்கள். போகும்போதும் வரும்போதும் பல்சக்கரம், மோட்டார், மின்மாற்றுக் கருவி, பேட்டரி என்று ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் வெப்பமாகக் கழிகிறது.

எண்களில் பார்க்கலாம். ஆளோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிமீ வேகத்தில் போனால், அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 0.07 கிலோவாட் மணி. நிதானமாக நின்றால் அதில் 0.055 அளவு பேட்டரிக்குத் திரும்பலாம். 100 கிமீ ஓட 15 கிலோவாட் மணி செலவாகும் காருக்கு அது சுமார் 350 மீட்டர் தூரத்துக்குக் காணும். ஆனால் மறுபடி 60-ஐத் தொடப் பேட்டரி 0.08 கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை நின்று புறப்படும்போதும் மூன்றில் ஒரு பங்கு வட்டிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் காரில் முதலே மூழ்கிவிடும்: நகை முழுவதும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றோடு போய்விடும். அந்த வகையில் இது பெரிய லாபம்தான்.

மீட்பு பிரேக் நல்லதா, காரை உருள விடுவது நல்லதா?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அடகே வைக்காதவனுக்கு வட்டி ஏது? நிற்க வேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் காரை உருள விடுவதே சிக்கனம். ஆற்றல் வேகமாகவே இருக்கும். காற்றும் டயரும் எடுத்துக்கொள்வது மட்டும் குறையும். சமதளத்தில் 60-லிருந்து 40-க்கு இறங்க, உருண்டு போகும் கார் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் எடுத்துக்கொள்ளும். முதல் முறை இதைக் கவனித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. பெட்ரோல் கார் பழக்கத்தில், எவ்வளவு நேரம் காலை அழுத்தி வைத்துக்கொண்டே சிவப்பு விளக்கை நோக்கி ஓடியிருக்கிறோம்!

நிற்கத்தான் வேண்டும் என்றால் மீட்பு பிரேக். திடீரென்று நிற்க வேண்டும் என்றால் உராய்வு பிரேக். வரிசை இதுதான்: முதலில் உருள விடு, போதாவிட்டால் மீட்டுக்கொள், அதுவும் போதாவிட்டால் தேய்.

திரையில் மீட்புக் கோடு பச்சையாக நீள்வதைப் பார்த்து மகிழ்கிறவர்களை எனக்குத் தெரியும். என் தம்பி அதில் ஒருவன். முன்னால் விளக்கு சிவப்பாக இருக்கும்போதும் வேகமாகப் போய், கடைசியில் காலை எடுத்து, "பார்த்தாயா அண்ணா, எவ்வளவு திரும்பி வந்தது" என்பான். அதிகம் திரும்பி வந்தது என்றால் அதிகம் அடகு வைத்தான் என்று அர்த்தம்.

உருள விடுவது எப்படி? காலை எடுத்தாலே இழுக்கிறதே.

காலை முழுவதும் எடுக்காதீர்கள். ஆக்சிலேட்டரை மெல்லத் தளர்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் திரையிலுள்ள மின்திறன் அளவு பூஜ்யத்தில் நிற்கும். அங்கே மின்சாரம் போவதுமில்லை, வருவதுமில்லை. காலணியின் அடியில் மிதி இருப்பது தெரியும், அழுத்துவது தெரியாது, அந்த அளவுதான். இரண்டு வாரத்தில் பழகிவிடும். எனக்கு மெல்லிய ரப்பர் செருப்பில் சீக்கிரம் பிடிபட்டது. வேலைக்குப் போடும் பாதுகாப்புக் காலணியில் இன்னமும் சரியாக வரவில்லை.

சில கார்களில் மீட்பைப் பூஜ்யமாக்கும் வசதியே உண்டு. ஹூண்டாய் ஐயோனிக் 5-இல் ஸ்டியரிங்கின் பின்னாலுள்ள இரண்டு நெம்புகளால் 0 முதல் 3 வரை மாற்றிக்கொள்ளலாம்.

நியூட்ரலில் போட்டுவிட்டால்?

வேண்டாம். பூஜ்யத்தில் கால் வைப்பதைவிடச் சொல்லிக்கொள்ளும்படி மிச்சம் எதுவும் கிடைக்காது. அவசரத்துக்கு ஆக்சிலேட்டரை மிதித்தால் கார் எடுக்காது, இறக்கத்தில் மீட்பும் இருக்காது. டீசல் விலை ஏறிய காலத்தில் லாரி ஓட்டுநர்கள் இறக்கத்தில் செய்துவந்த அந்த வேலையை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை.

பாலத்தில் மீட்பு பிரேக் எவ்வளவு உதவும்?

அநேகமாக ஒன்றுமில்லை. 1985-இல் திறக்கப்பட்ட முதல் பாலம் 13.5 கிமீ நீளம், வேக வரம்பு மணிக்கு 80 கிமீ. நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரே சீராகப் போகலாம். சீராகப் போகிறவனிடம் மீட்பதற்கு ஒன்றும் இல்லை. அங்கே மின்சாரத்தைத் தின்பது காற்று. வேகம் கூடக் கூடக் காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அதற்குக் கொடுத்த காசு திரும்பாது.

பெருநிலத்தில் பிறை என்ற ஊர்ப் பக்கம் டோல் சாவடியை நெருங்கும்போது மட்டும் ஒரு வாய்ப்பு. தீவுக்குப் போகும் திசையில்தான் டோல். சாவடியின் கூரை கண்ணில் பட்டதுமே காலைத் தளர்த்திவிடுவேன். பின்னால் வருபவர் பொறுமையிழந்து என்னைத் தாண்டிச் செல்வார். சாவடியில் எனக்கு முன்னால் இரண்டாவதாக நிற்பார். காலை ஏழரை மணி நெரிசலில் ஊர்ந்து போகும்போது நிலைமை வேறு. அப்போது மீட்பு பிரேக் மட்டுமே போதும். பிரேக் மிதியைத் தொடாமல் தீவில் இறங்கிய நாள்கள் உண்டு.

மலை இறக்கத்தில்?

அங்கேதான் இதன் அருமை தெரியும். ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து பாலேக் பூலாவுக்குப் போகும் துன் சார்டோன் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். டுரியான் பருவத்தில் தீவே அந்த வழியாகத்தான் போகிறது. வளைவுக்கு மேல் வளைவு. பெட்ரோல் காரில் இறங்கினால் அடிவாரத்தில் பிரேக் கருகிய வாடை மூக்கில் ஏறும். மின்சாரக் காரில் மீட்பை உச்சத்தில் வைத்துவிட்டு இறங்கினால் பெரும்பாலான வளைவுகளுக்குக் கால் பிரேக்குக்கே போகாது. பிரேக் சூடாகாமல் இருப்பது, திரும்பி வரும் மின்சாரத்தைவிடப் பெரிய லாபம் என்பேன்.

கணக்கும் சொல்கிறேன். ஒரு பேச்சுக்கு 300 மீட்டர் உயரம் என்று கொள்வோம். நம்முடைய 1,800 கிலோ காரை அந்த உயரத்துக்குத் தூக்கவே ஏறக்குறைய 1.5 கிலோவாட் மணி வேண்டும். ஆறு கிலோமீட்டர் சாலையில் மெதுவாக இறங்கும்போது டயருக்கும் காற்றுக்கும் போக, கழிவும் போக, 0.9-க்குச் சற்றுக் குறைவாகப் பேட்டரிக்குத் திரும்பும். ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டம். மலையிலிருந்து இறங்கியபோது பேட்டரி ஒரு விழுக்காடு கூடியிருந்தது என்று யாராவது சொன்னால் நம்பலாம். பத்து விழுக்காடு கூடியது என்றால் அவர் எவரெஸ்ட்டிலிருந்து இறங்கியிருக்க வேண்டும்.

கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில் 1923-ஆம் ஆண்டிலிருந்து இதே கணக்கைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்துகொண்டிருக்கிறது. ஒரே கம்பி வடத்தின் இரு முனையில் இரண்டு பெட்டிகள். இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டியைத் தூக்க உதவுகிறது. நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும்போது பிள்ளைகள் கையசைப்பார்களே, அந்த நேரத்தில் கீழே போகிறவர்கள் மேலே போகிறவர்களுக்கு உயரத்தைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் காரில் எதிர்ப்பெட்டி இல்லை. அதன் இடத்தில் பேட்டரி இருக்கிறது.

நூறு விழுக்காடு சார்ஜ் செய்துவிட்டு மலையிலிருந்து இறங்கலாமா?

இறங்கலாம், ஆனால் கார் வேறு மாதிரி நடந்துகொள்ளும். நிறைந்த குடத்தில் நீர் ஊற்ற முடியாது. பேட்டரி நிரம்பியிருந்தால் மீட்பு குறைக்கப்படும் அல்லது நின்றே போகும். சில கார்கள் அந்தக் குறையை உராய்வு பிரேக்கால் தாமே ஈடுசெய்கின்றன. சில கார்கள் திரையில் ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டு உங்கள் காலிடம் பொறுப்பைத் தந்துவிடுகின்றன. நேற்று வரை காலை எடுத்ததும் நின்ற கார் இன்று வழுக்கிக்கொண்டு போனால் திகில்தான். வீடு மேட்டில் இருக்கிறதா? 85 அல்லது 90-இல் சார்ஜை நிறுத்தி, இறங்கும் வழிக்கு இடம் விடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிஒய்டி கார்களில் வரும் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியை அவ்வப்போது நூறு வரை ஏற்றச் சொல்வார்கள், அளவுமானி சரியாகக் காட்டுவதற்காக. அதைச் செய்யுங்கள், ஆனால் மறுநாள் காலை சமதளப் பயணம் இருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.

குளிரிலும் மீட்பு குறையும் என்று இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அது பனி பெய்யும் நாட்டுக் கவலை. பினாங்கிலிருந்து கேமரன் மலைக்குப் போய் வந்தால்கூட அந்த அனுபவம் கிட்டாது.

பிரேக்கை மிதிக்காமலே வேகம் குறைகிறதே, பின்னால் சிவப்பு விளக்கு எரியுமா? மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள்.

நியாயமான பயம். ஐக்கிய நாடுகளின் 13-எச் வாகன விதி இதற்கு அளவு சொல்கிறது. ஆக்சிலேட்டரை விடுவதால் ஏற்படும் வேகக்குறைவு வினாடிக்கு வினாடி 0.7 மீட்டருக்கு மேல் போகாவிட்டால் விளக்கு எரியக் கூடாது, 1.3-ஐத் தாண்டினால் எரிந்தே ஆக வேண்டும். இடைப்பட்டதில் எரியலாம், எரியாமலும் இருக்கலாம். 1.3 என்பது வினாடிக்கு ஏறக்குறைய 4.7 கிமீ வேகம் குறைவது. ஆகவே பலமாக இழுத்தால் விளக்கு எரியும், மெல்ல இழுத்தால் எரியாது.

அந்த இடைப்பட்ட பகுதிதான் நம் ஊருக்கு ஆபத்து. இரவில் வீட்டுச் சுவருக்கு எதிரே பின்பக்கம் காட்டி மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும். என் மகள் பின்னால் நின்று "எரியுது, எரியலை" என்று கத்த, அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஒட்டிக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிளைக் கண்ணாடியில் பார்த்தால் பிரேக் மிதியை லேசாகத் தொடுகிறேன். தொட்டாலே விளக்கு எரியும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பிரேக் மிதியை அழுத்தினால் மீட்பு நின்றுவிடுமா?

பெரும்பாலான கார்களில் நிற்காது. மிதியை மெல்ல அழுத்தும்போது கணினி முதலில் மோட்டாரைத்தான் கேட்கிறது. அது தாங்காத மிச்சத்தை மட்டும் உராய்வு பிரேக்குக்குத் தள்ளுகிறது. போர்ஷ டைகான் காலை எடுத்தால் உருண்டு ஓடும்படி அமைந்தது. அதன் மீட்பு வேலை முக்கியமாக பிரேக் மிதியில் நடக்கிறது. டெஸ்லாவின் மாடல் 3, மாடல் ஒய் கார்கள் நேர் எதிர்: மீட்பு ஆக்சிலேட்டரில், பிரேக் மிதி உராய்வுக்கு. இரண்டு வழியிலும் மீண்டு வருவது ஏறக்குறைய ஒன்றுதான், ஓட்டுகிறவர் நிதானமாக இருந்தால்.

அவசர பிரேக்கில் கணக்கு மாறும். 60 கிமீ வேகத்தில் முழு பலத்தோடு மிதித்தால் அந்தக் கணம் 240 கிலோவாட் திறனில் ஆற்றலைக் கரைக்க வேண்டியிருக்கும். சாதாரணக் குடும்பக் காரின் மோட்டாரும் பேட்டரியும் அதை விழுங்காது. பிரேக் தட்டும் அதை அழுத்திப் பிடிக்கும் கட்டையும் தேய்ந்தே தீர வேண்டும். உயிரா மின்சாரமா என்ற இடத்தில் யாரும் மீட்பைப் பற்றி யோசிக்கக் கூடாது, ஓங்கி மிதியுங்கள்.

மழையில் வழுக்குமா?

மீட்பு, மோட்டார் பூட்டிய சக்கரங்களில் மட்டும் நடக்கிறது. நனைந்த வளைவில் காலைச் சட்டென்று எடுத்தால் அந்த இரண்டு சக்கரங்கள் மட்டும் இழுபடும். பின்சக்கர மோட்டார் கார்களில் இதில் கூடுதல் கவனம் தேவை. சக்கரம் வழுக்குவதை உணர்ந்தால் கார் மீட்பை வெட்டிவிட்டு உராய்வு பிரேக்கிடம் ஒப்படைக்கும். மாலை மழையில் நான் மீட்பை ஒரு படி குறைத்துக்கொள்கிறேன்.

இதோடு சேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரைப் பயமுறுத்தியிருக்கிறது. விளக்கை நோக்கி மெல்ல பிரேக் பிடித்துக்கொண்டே போகிறீர்கள். சாலையில் ஒரு குழி, அல்லது இரும்பு மூடி. சக்கரம் அதில் தட்டிய கணத்தில் கார் முன்னால் தாவுவது போல் இருக்கும். தாவவில்லை. சக்கரம் ஒரு நொடி பிடிப்பை இழந்ததால் மீட்பு வெட்டப்பட்டது. உராய்வு பிரேக் பொறுப்பேற்க ஒரு கண் இமைப்பு ஆனது. வேகக்குறைவு நின்றதை உடம்பு வேகக்கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. காலை எடுக்காமல் இன்னும் சற்று அழுத்துங்கள், சரியாகிவிடும்.

அம்மாவுக்குக் காரில் தலை சுற்றுகிறது. பெட்ரோல் காரில் இப்படி இல்லை.

குற்றம் காரில் பாதி, உங்கள் காலில் பாதி. பழைய காரில் காலை எடுத்தால் வண்டி மெல்லத் தளரும். அதே பழக்கத்தில் இங்கே காலைச் சட்டென்று எடுத்து எடுத்து வைத்தால் பின்னிருக்கையில் இருப்பவருக்கு ஊஞ்சல். என் மாமியார் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய் வரும் வழியில் ஒரு நாள் வாய் திறக்கவே இல்லை. வீட்டு வாசலில் இறங்கியதும், "மருமகனே, அடுத்த முறை நான் பஸ்ஸில் வருகிறேன்" என்றார். அன்றிரவே மீட்பைக் குறைந்த நிலைக்கு மாற்றினேன். வயதானவர்கள் ஏறும்போது இன்றும் அந்த நிலைதான். மின்சாரம் கொஞ்சம் கூடப் போனால் போகட்டும்.

எந்த நிலையில் வைத்து ஓட்டுவது? ஒற்றை மிதி ஓட்டம் என்கிறார்களே?

ஆக்சிலேட்டரை விட்டாலே முழுதாக நின்று, நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும் அமைப்பை அப்படிச் சொல்கிறார்கள். நிசான் லீஃப் அதை இ-பெடல் என்கிறது, ஹூண்டாய் ஐ-பெடல் என்கிறது. பிஒய்டி அட்டோ 3-இல் இரண்டே நிலைகள். பலமான நிலையிலும் அது தானாக முழுதாக நிற்காது, கடைசியில் பிரேக்கைத் தொட வேண்டும். ஃபோக்ஸ்வேகனின் ஐடி வகைக் கார்கள் 'டி'யில் உருளும், 'பி'யில் இழுக்கும்.

ஜோர்ஜ்டவுனில் லிட்டில் இந்தியா பக்கம் வெள்ளிக்கிழமை மாலை போனால் பலமான நிலை சுகம். பூக்கூடையோடு ஒரு பாட்டி குறுக்கே வருவார், அவர் பின்னால் டிராலி தள்ளும் பையன், அதன் பின்னால் திரும்ப இடம் தேடும் லாரி. கால் ஒரே இடத்தில் இருந்துகொண்டு தளர்ந்தும் அழுந்தியும் வேலை நடக்கும். நெடுஞ்சாலையில் குறைந்த நிலை. தைப்பிங், ஈப்போ என்று நீண்ட தூரம் போகும்போது இழுப்பு வெறும் எரிச்சல். வேகத்தைத் தானாகப் பிடிக்கும் வசதியைப் போட்டால் அதுவே முன்னால் போகும் வண்டியைப் பார்த்து மீட்பைப் பயன்படுத்திக்கொள்கிறது.

பிரேக் கட்டை தேயாதாமே?

தேயும், மிக மெதுவாக. சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் நான்கு சக்கரத்துக்கும் கட்டை மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். அளந்து காட்டச் சொன்னேன். ஒன்பது மில்லிமீட்டர் இருந்தது. புதியதே பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மின்சாரக் காரின் பிரேக்குக்கு எதிரி தேய்மானம் அல்ல, சும்மா இருப்பது. நம்மைச் சுற்றிக் கடல், காற்றில் உப்பு. குடும்பத்தோடு மூன்று வாரம் தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்பியபோது கார் வாசலில் நின்றபடியே இருந்தது. சக்கரத்தின் ஆரங்களுக்கிடையே விரலை விட்டுத் தடவினேன்; தட்டு முழுவதும் செம்பழுப்பு, விரல் நுனியில் மஞ்சள்தூள் போல ஒட்டியது. முதல் நூறு மீட்டர் கரகரவென்ற சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பெட்ரோல் காராக இருந்தால் நாலு தெரு தாண்டுவதற்குள் துருவைத் தேய்த்துக் கழித்துவிடும். மீட்பு பிரேக் அந்த வேலையைச் செய்ய விடுவதில்லை. இதற்காகவே ஃபோக்ஸ்வேகன் தன் ஐடி.3, ஐடி.4 கார்களின் பின்சக்கரங்களுக்குப் பழைய முறைப்படி மூடிய டிரம் பிரேக் வைத்தது.

செய்ய வேண்டியது எளிது. வாரம் ஒரு முறை காலியான நேர்ச் சாலையில், பின்னால் வண்டி இல்லாதபோது, மீட்பைக் குறைத்துவிட்டு நாலைந்து முறை அழுத்தமாக பிரேக் பிடியுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கட்டை நகரும் ஊசிகளைக் கழற்றி மசகு போடச் சொல்லுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; பிரேக்கை மிதிக்காவிட்டாலும் உறிஞ்சும். கையேட்டில் இரண்டு ஆண்டு என்று இருந்தால் இரண்டு ஆண்டுதான்.

அடிக்கடி சார்ஜ் ஏறி இறங்குவது பேட்டரியைக் கெடுக்காதா?

கெடுக்காது என்றே சொல்வேன். சில வினாடி நீளும் சிறு ஏற்ற இறக்கங்கள் பேட்டரிக்குப் பெரிய பாரம் அல்ல. தாங்க முடியாத நிலையில் கார் தானே மறுத்துவிடும். வெயிலில் நூறு விழுக்காட்டோடு நாள் கணக்கில் நிறுத்தி வைப்பதைப் பற்றி வேண்டுமானால் கவலைப்படுங்கள்.

வண்டி வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாமா?

கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டார் சுழலும், மோட்டார் சுழன்றால் மின்சாரம் பிறக்கும். நீங்கள் கேட்காத நேரத்தில், கட்டுப்படுத்த ஆளில்லாத நேரத்தில். நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி தட்டையான தூக்கு லாரியில்தான் ஏற்ற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்குப் போன் செய்யும்போதே மின்சாரக் கார் என்று சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் புதுச் சரக்குதானே? இன்னும் பத்து வருடம் பார்த்துவிட்டு வாங்கலாமே?

மின்சார ரயில்களில் இது பழைய கதை. 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸிலேயே மீட்பு பிரேக் இருந்தது. மின்சார வண்டி என்பதும் நமக்குப் புதிதல்ல. 1925-லிருந்து 1961 வரை ஜோர்ஜ்டவுன் தெருக்களில் மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு டிராலி பஸ்கள் ஓடின. உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், ஏறியிருப்பார்.

வீட்டில் ஒரு மின்சாரக் கார், ஒரு பெட்ரோல் கார். மாற்றி மாற்றி ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் ஓட்டுகிறவர் வீட்டில் இருந்தால் மின்சாரக் காரை ஒற்றை மிதி நிலையில் வைக்காதீர்கள். ஆறு மாதத்தில் கால் பிரேக் மிதியை மறந்துவிடும். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். சென்ற தீபாவளிக்கு அண்ணனுடைய பழைய பெட்ரோல் காரை எடுத்துக்கொண்டு சுங்கைப் பட்டாணிக்குப் போனோம். அவர் பக்கத்தில். முதல் சமிக்ஞை விளக்கு சிவப்பானது. வழக்கம்போல் காலை எடுத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தேன். கார் போய்க்கொண்டே இருந்தது. முன்னால் மணல் லாரி. அதன் பின்பலகையில் எழுதியிருந்த போன் எண்ணைக் கடைசி இலக்கம் வரை படிக்கும் தூரத்தில்தான் வலது கால் எதற்கு இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. நின்றோம், ஒரு சாண் இடைவெளியில். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கு பச்சையானதும் கதவைத் திறந்து இறங்கி, சுற்றி வந்து என் பக்கக் கண்ணாடியைத் தட்டினார்.